8 ஜிபி ரேமில் ஃபயர்ஃபாக்ஸ் கட்டுவதற்கு எந்தத் தெரிவுகள் சரி?

கேள்வி | வெள்ளவத்தை_லினக்ஸ்

வணக்கம். ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் இஎஸ்ஆர் 140ஐ (நீண்டகால ஆதரவுப் பதிப்பு) மூலநிரலில் இருந்து கட்டி, கொட்டாஞ்சேனை வாசிகசாலை ஒன்றில் இருக்கிற 6 பழைய கணினிகளில் போட வேண்டும். அவை எல்லாம் கோர் 2 டுவோ, 64 பிட் லினக்ஸ். கட்டுகிற மடிக்கணினி 8ஆம் தலைமுறை ஐ5: 4 கோர், 8 திரெட், 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டியில் 60 ஜிபி வெற்றிடம், டெபியன் 12.

மொஸ்கான்ஃபிக்கில் (கட்டும் தெரிவுகளை எழுதும் கோப்பு) போட்டிருப்பவை (கோப்பில் ஆங்கில எழுத்தில்தான் இருக்கின்றன): எனேபிள்-எல்டிஓ=ஃபுல் (இணைக்கும்போது ஒப்டிமைஸ் செய்வது), ஓ3 (கூடுதல் ஒப்டிமைஸ் நிலை), மார்ச்=நேட்டிவ் (கட்டுகிற கணினியின் சிபியுவுக்கே ஏற்றபடி), மேக் கொடியில் ஜே8 (ஒரே நேரத்தில் 8 வேலை). லிப்சுல் (உலாவியின் முக்கிய லைப்ரரி) இணைக்கிற கட்டத்தில் "கில்ட், சிக்னல் 9" என்று நின்றுவிடுகிறது. ஐசியு (மொழி, எழுத்து), என்எஸ்எஸ் (பாதுகாப்பு), பிஎன்ஜி (படம்) ஆகியவற்றுக்கு டெபியனின் லைப்ரரிகளையே கொடுத்தால் ரேம் மிச்சப்படுமா?

பதில் 1 | இணைப்பான்

சிக்னல் 9 கம்பைலரின் பிழை அல்ல. ரேம் தீர்ந்ததால் கெர்னல் கொன்றிருக்கிறது. டிமெசேஜில் (கெர்னலின் செய்திப் பதிவு) "அவுட் ஆஃப் மெமரி" வரி நிற்கும், பாருங்கள்.

எல்டிஓ போட்டால் .ஓ கோப்புகளில் (கம்பைல் ஆன துண்டுகள்) இயந்திரக் கட்டளை இருக்காது, எல்எல்விஎம் பிட்கோட் என்ற இடைநிலை வடிவம்தான் இருக்கும். ஃபுல் என்றால் லிப்சுல்லின் பிட்கோட் மொத்தத்தையும் லிங்கர் (துண்டுகளை இணைக்கும் நிரல்) ஒரே தடவையில் நினைவகத்துக்குள் இழுத்து, அங்கேதான் ஒப்டிமைஸ் செய்யும். 8 ஜிபிக்கு அது ஏலாது. தின் என்ற எல்டிஓ வகை அதைவிடக் குறைவாகத் தின்னும்; ஆனாலும் இந்த இயந்திரத்தில் எல்டிஓ வரியை முழுதாக எடுத்துவிடச் சொல்வேன்.

அடுத்தது டிசேபிள்-டிபக்-சிம்பல்ஸ். டிபக் தகவல் இயல்பாகவே உள்ளே போகிறது; அதை நிறுத்தினால் லிங்கருக்கும் வட்டுக்கும் சுமை நன்றாக இறங்கும். ஜே8ஐ ஜே3 ஆக்குங்கள். பல சி++ கோப்புகளை ஒன்றாக ஒட்டி யூனிஃபைட் முறையில் கம்பைல் செய்வதால், ஒரு கிளாங் (சி++ கம்பைலர்) வேலையே 1 ஜிபியை எட்டக்கூடும். 8 ஜிபி ஸ்வாப் கோப்பும் வைத்திருங்கள்.

பலர் கவனிக்காத இடம் ரஸ்ட் மொழியில் எழுதிய பகுதி. இஎஸ்ஆரில் எனேபிள்-ரிலீஸ் தானாகவே இயங்கும்; அதனால் ஜிகே-ரஸ்ட் என்ற கடைசிக் கிரேட் (ரஸ்ட் தொகுதி) ரஸ்டின் சொந்த எல்டிஓவோடு கட்டப்படும். கிளாங் பக்கத்தில் எல்டிஓவை எடுத்த பிறகும் அதிலே கொல்லப்பட்டால் டிசேபிள்-ரிலீஸ் போடுங்கள். வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் கட்டி முடியும்.

பதில் 2 | மருதானை_64

மார்ச்=நேட்டிவ் கட்டாயம் போக வேண்டும். உங்கள் ஐ5இல் ஏவிஎக்ஸ்2 கட்டளைகள் உண்டு, கோர் 2 டுவோவில் இல்லை. திறந்த உடனே "இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்" என்று விழும். ரஸ்டுக்கு டார்கெட்-சிபியு=நேட்டிவ் என்று தனியே கொடுத்திருந்தால் அதையும் அழியுங்கள்; சி கொடிகளை மாற்றுவதால் ரஸ்ட் பகுதி மாறாது.

நேட்டிவ்வை எடுத்தால் வீடியோ மெதுவாகிவிடும் என்று பயப்பட வேண்டாம். டேவிட் போன்ற வீடியோ டிகோடர்களில் கையால் எழுதிய அசெம்பிளி இருக்கிறது. ஓடும்போதே சிபியுவைப் பார்த்து ஏற்றதைத் தெரிவு செய்யும். அதைக் கட்ட நாஸ்ம் என்ற அசெம்பிளர் தேவை, பூட்ஸ்ட்ராப் (கட்டத் தேவையானவற்றை இறக்கும் மாக் கட்டளை) அதைக் கொண்டு வரும். ஓ3ஐயும் விடுங்கள்; மொசில்லா வைத்திருக்கும் இயல்பு நிலையே காணும்.

பதில் 3 | கொம்பனித்தெரு_பில்ட்

சிஸ்டம் லைப்ரரி வேண்டவே வேண்டாம். இணைக்கும் நேர ரேமில் மிச்சம் மிகச் சொற்பம், தலையிடி பெரிது. டெபியன் 12இல் ஐசியு 72தான். உலாவி கேட்கும் பதிப்பு அதைவிடப் புதியது, கான்ஃபிகர் (கட்டுமுன் சரிபார்க்கும் படி) அங்கேயே நிற்கும். எப்படியோ புதியதைப் போட்டுக் கட்டினாலும், ஐசியுவின் கோப்புப் பெயரிலேயே பதிப்பு எண் இருக்கிறது. வாசிகசாலைக் கணினியில் வேறு எண் இருந்தால் "ஷேர்ட் ஆப்ஜெக்ட் கோப்பைத் திறக்க முடியவில்லை" என்றுதான் வரும். பிஎன்ஜியில் ஏபிஎன்ஜி பேட்ச் இல்லாவிட்டால் அசையும் படங்களுக்கு ஆதரவு கிடையாது, கான்ஃபிகரே மறுக்கும்.

பூட்ஸ்ட்ராப் ஒரு சிஸ்ரூட்டை இறக்கித் தரும். அது பழைய டெபியனின் தலைப்புக் கோப்புகளும் லைப்ரரிகளும். அதோடு கட்டினால்தான் டெபியன் 12இன் ஜிலிப்சி (அடிப்படை சி லைப்ரரி) 2.36 இல்லாத பழைய லினக்ஸிலும் ஓடும். சிஸ்டம் லைப்ரரி வேண்டுமென்றால் சிஸ்ரூட்டைக் கைவிட வேண்டிவரும். உங்கள் தேவைக்கு அது நேர் எதிர். டெபியனின் ரஸ்ட் 1.63உம் இதற்குப் போதாது, பூட்ஸ்ட்ராப் சொல்கிறபடி ரஸ்டப் (ரஸ்டை நிறுவும் கருவி) வழியாகப் போடுங்கள்.

வெள்ளவத்தை_லினக்ஸ்

மிக்க நன்றி. இடையில் கரண்ட் போனால் முதலில் இருந்து கட்ட வேண்டுமா?

பதில் 1 | இணைப்பான்

தேவையில்லை. மாக் பில்ட் (கட்டும் கட்டளை) விட்ட இடத்தில் இருந்து தொடரும். ஆனால் போன நேரத்தில் எழுதிக்கொண்டிருந்த .ஓ கோப்பு 0 பைட்டாகக் கிடக்கலாம். கோப்பின் நேரம் புதிதாக இருப்பதால் மேக் அதை முடிந்த வேலை என்று எடுத்துக்கொள்ளும். லிங்கர் பிறகு பிழை காட்டிக் கத்தும். ஆப்ஜ் அடைவில் (கட்டிய கோப்புகள் சேரும் இடம்) ஃபைண்ட் கட்டளையால் அளவு 0 உள்ள .ஓ கோப்புகளைத் தேடி, அவற்றை மட்டும் அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

இப்போது கொடிகளை மாற்றுவதால் ஒரு தடவை மாக் கிளாபர் (பழைய கட்டுமானத்தை அழிப்பது) செய்துவிட்டுத் தொடங்குங்கள். முடிந்ததும் மாக் பேக்கேஜ். ஆப்ஜ் அடைவின் டிஸ்டில் தார் கோப்பு வரும். ஆறு கணினிக்கும் கொண்டுபோக முன்பு முகவரிப் பட்டையில் அபவுட்:பில்ட்கான்ஃபிக் என்று தட்டி, அந்தப் பக்கத்தில் மார்ச் என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள்.