சோலை இருளுக்கு ஃபுல் ஃபிரேம் கேமரா கைகொடுக்குமா? (நிக்கான் டி750)

சோலைப்பாதை, கோத்தகிரி:

அனைவருக்கும் வணக்கம். ஆறு ஆண்டுகளாக நிக்கான் டி7500 கேமராவையும், அதனுடன் வந்த 18-140 மி.மீ. லென்ஸையும், பின்னர் வாங்கிய 200-500 மி.மீ. லென்ஸையும் பயன்படுத்தி வருகிறேன். விடுமுறைக் காலைகளில் லாங்வுட் சோலைக்குப் பறவைகளைத் தேடிச் செல்வதும், மூடுபனி இறங்கும் நாட்களில் தேயிலைத் தோட்டங்களைப் படமெடுப்பதும், உறவினர் வீட்டு விசேஷங்களில் கேமராவைக் கையிலெடுப்பதும் என் வழக்கம். சோலைக்குள் காலை ஒன்பது மணியானாலும் வெளிச்சம் போதாததால் ஐஎஸ்ஓவை (ஒளிக்கான உணர்திறனை) 6400 வரை கூட்டிப் போக வேண்டியிருக்கிறது. வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் குருவியின் மேல் மணலைத் தூவியது போல நாய்ஸ் தெரிகிறது. கோயம்புத்தூரில் ஒரு கடையில் பழைய டி750 விலைக்கு வந்திருக்கிறது. ஃபுல் ஃபிரேமுக்கு, அதாவது பெரிய சென்சார் உள்ள கேமராவுக்கு, மாறினால் இந்தக் குறை தீரும் என்கிறார்கள். இங்குள்ள மலைகளில் அதைப் பயன்படுத்தியவர்கள் அதன் நிறைகுறைகளைச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பனிமூட்டம், குன்னூர்:

நண்பரே, 2014-இல் வெளிவந்த அந்த கேமராவை நான் பல ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். அதன் சென்சார் 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் உடையது, உங்களுடையதைவிடப் பரப்பளவில் ஏறக்குறைய இரண்டேகால் மடங்கு. அதனால் ஒரே காட்சியை ஒரே அமைப்பில் எடுக்கும்போது ஒரு ஸ்டாப்புக்கு (ஒளி இருமடங்காவதற்கு) சற்று மேலான ஆதாயம் கிடைக்கிறது. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது நிழல்களில் அது ஒளித்து வைத்திருக்கும் விவரம். கொடநாடு காட்சிமுனையில் சூரியன் எழும் நேரத்தில் வானம் கண்ணைக் கூசும், கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கோ கரிய இருளில் கிடக்கும். வானம் வெளுத்துவிடாதபடி ஐஎஸ்ஓ 100-இல் எடுத்து, பின்னர் ராவ் கோப்பில் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பில்) நிழலை மூன்று ஸ்டாப் உயர்த்தினாலும் பள்ளத்தாக்கின் மடிப்புகள் சேறாகாமல் எழுந்து வரும்.

குறைகளும் உண்டு. இரண்டு கேமராக்களிலும் 51 ஃபோகஸ் புள்ளிகளே இருக்கின்றன. டி7500-இல் அவை சட்டகத்தின் பெரும்பகுதியில் பரவியிருக்க, இதில் நடுவில் நெருக்கியடித்து நிற்கின்றன. ஷட்டர் 1/4000 நொடியோடு நின்றுவிடும், தொடர் படங்கள் நொடிக்கு 6.5 மட்டுமே, வீடியோவில் 4கே கிடையாது. விசேஷ வீடுகளுக்கு இதில் இரண்டு மெமரி கார்டுகள் போட்டு ஒரே படத்தை இரண்டிலும் பதியலாம் என்பது மட்டும் பெரிய நிம்மதி. தாலி கட்டும் படத்தைத் திரும்ப எடுக்க முடியாதல்லவா?

வரையாட்டுப் பாறை, உதகை:

குன்னூர் நண்பர் சொன்னது நிலக்காட்சிக்கு முழுதும் சரி. பறவைக்கு அப்படியே பொருந்தாது. சட்டகம் நிறைந்தால்தான் அந்த ஒரு ஸ்டாப் ஆதாயம் கிடைக்கும். நீலகிரிச் சிரிப்பான் புதருக்குள் நிற்கும்போது உங்கள் 500 மி.மீ. எட்டும் தொலைவு எந்த கேமராவிலும் மாறப்போவதில்லை, சென்சாரில் விழும் பறவையின் அளவும் மாறப்போவதில்லை. டி750-இல் அதைச் சுற்றி வெறும் இலைதான் கூடுதலாகப் பதிவாகும். அந்த இலைகளை வெட்டி எறிந்து உங்கள் பழைய சட்டக அளவுக்குக் கொண்டுவந்தால் மிஞ்சுவது சுமார் 10 மெகாபிக்சல். டி7500 அதே இடத்தில் ஏறத்தாழ 21 மெகாபிக்சல் தருகிறது. பறவையின் மேல் விழுந்த ஒளி இரண்டிலும் ஒன்றே என்பதால் நாய்ஸிலும் சொல்லும்படியான வேறுபாடு இராது. ஃபுல் ஃபிரேம் வாங்கிய பிறகுதான் எனக்கு இது உறைத்தது; பழைய கேமராவை விற்காமல் வைத்திருந்தது நல்லதாய்ப் போயிற்று.

சோலைக்குள் உங்களைத் தடுப்பது எஃப்/5.6 என்ற லென்ஸின் வாய்தான் (ஒளி நுழையும் திறப்பு). ஒற்றைக்கால் தாங்கியை வைத்துக்கொண்டு, பறவை அசையாத கணத்தில் 1/125 நொடிக்கு இறங்கிப் பத்துப் படங்களைத் தொடர்ந்து எடுத்துப் பாருங்கள். அவற்றில் இரண்டு படங்களாவது கூர்மையாக அமையும், ஐஎஸ்ஓ பாதியாகக் குறையும்.

மன்னவனூர்க் காற்று, கொடைக்கானல்:

நான் இரவு வானத்தைப் படமெடுப்பவன். ஃபுல் ஃபிரேமுக்காகச் செலவழித்த பணத்தை எண்ணி நான் வருந்தாத ஒரே துறை அதுதான். நம் மலைகளிலிருந்து பார்த்தால் பால்வழியின் மையப்பகுதி தெற்கே ஏறக்குறைய 50 பாகை உயரம் வரை எழும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் விடியலுக்கு முன் மன்னவனூர்ப் புல்வெளியில் 20 மி.மீ. லென்ஸை எஃப்/1.8-இல் திறந்து, ஐஎஸ்ஓ 3200, 20 நொடி என்று வைத்தால், பால்வழியின் தூசிப்பட்டைகள் முதல் படத்திலேயே தெரியும்.

ஆனால் தம்பி, கணக்கை முழுதாகப் போடுங்கள். உங்கள் 18-140 லென்ஸ் சிறிய சென்சாருக்கென்றே செய்யப்பட்டது. டி750-இல் மாட்டினால் கேமரா தானாகவே சட்டகத்தைச் சுருக்கிக்கொள்ளும், அப்போது ஃபுல் ஃபிரேம் வாங்கியதற்குப் பொருளே இல்லை. ஆகவே கேமரா உடலை வாங்கிய அன்றே இன்னொரு லென்ஸுக்கும் பணம் தேவைப்படும். எடை குறித்தும் பலர் உடலையே குறை சொல்கிறார்கள். உங்கள் 200-500 மட்டும் 2300 கிராம் இருக்கையில், உடலில் கூடும் நூற்றுச் சொச்சம் கிராம் ஒரு பொருட்டன்று.

பழையதை வாங்குவதானால் ஷட்டர் எண்ணிக்கையைக் கேளுங்கள்; அது 150000 முறைக்குச் சோதிக்கப்பட்டது. இந்த மாடலில் குறிப்பிட்ட சில வரிசை எண்களுக்கு ஷட்டரை இலவசமாகச் சரிசெய்து தருவதாக நிறுவனமே அறிவித்திருந்ததால், கடையிலுள்ளது அவற்றில் ஒன்றா, சரிசெய்யப்பட்டதா என்றும் பாருங்கள். எஃப்/16-இல் வெறும் வானத்தை எடுத்தால் சென்சாரின் கறைகள் தெரிந்துவிடும். இவையெல்லாவற்றையும்விட நம் ஊர்களில் அஞ்ச வேண்டியது பூஞ்சை. இரண்டு பருவமழைகளும் நனைக்கும் மலையில் லென்ஸைத் தோல் பைக்குள் மாதக்கணக்கில் பூட்டி வைத்தால், கண்ணாடிக்குள் அது வேர்விடும். சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாப் பெட்டியில், ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருக்குமாறு வையுங்கள். வாங்கும் லென்ஸின் பின்புறம் கைப்பேசி விளக்கைப் பிடித்து, முன்புறமிருந்து பாருங்கள்.

சோலைப்பாதை, கோத்தகிரி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கடந்த ஓராண்டுப் படங்களைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். மூன்றில் இரண்டு பங்கு 500 மி.மீ.-இல் எடுத்த பறவைகளே. ஆகவே டி7500 என்னிடமே இருக்கும், கடைக்காரரிடம் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். விசேஷங்களுக்கு 35 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் ஒன்றை வாங்கலாமென்று இருக்கிறேன். 1/125 நொடி உத்தியை வரும் ஞாயிறன்று சோதித்துப் பார்ப்பேன்.

இன்னொரு செய்தி. கொடைக்கானல் ஐயா சொன்னபடி நேற்றிரவு என் 18-140 லென்ஸுக்குள் விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். ஓரத்தில் சிலந்தி நூல் போல மூன்று இழைகள் தெரிகின்றன. இந்தப் பூஞ்சை மேலும் பரவும் முன் நீக்கிவிட முடியுமா, செலவு எவ்வளவு ஆகும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.