'எடுத்துக்காட்டுவழி வரையறை': ஒரு கலைச்சொல் முன்மொழிவு

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

மென்பொருளுக்கான தேவைகளைத் திட்டவட்டமான எடுத்துக்காட்டுகளாக எழுதி முடிவுசெய்யும் முறையான 'ஸ்பெசிஃபிகேஷன் பை எக்ஸாம்பிள்' என்பதற்கு 'உதாரண விவரக்குறிப்பு' என்று நம் குழுவின் ஐயா முன்மொழிந்ததையும், அதற்கு மாற்றாக 'மாதிரிவழி விவரக்குறிப்பு' என்று நண்பர் ஒருவர் எழுதியதையும் படித்தேன். இரண்டும் எனக்கு நிறைவளிக்கவில்லை. இந்த முறையில் எடுத்துக்காட்டு என்ன வேலை செய்கிறது என்று முதலில் பார்த்துவிட்டால், சொல்லைத் தேர்வது எளிதாகும் என்று நினைக்கிறேன்.

திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனம் ஒன்று சாயப்பட்டறைக்கு அனுப்பும் துணியின் கணக்கைப் பார்க்க மென்பொருள் கேட்பதாகக் கொள்வோம். 'ஒப்பிய கழிவுக்கு மேல் எடை குறைந்தால் பட்டறையின் பில்லில் பிடித்தம் செய்ய வேண்டும்' என்பது தேவை; கழிவு என்பது சாயமிடுவதில் குறையலாம் என்று இரு தரப்பும் ஏற்ற எடை. படிப்பதற்குத் தெளிவாகத்தான் இருக்கிறது. அதையே எண்ணில் எழுதிப் பாருங்கள்: அனுப்பியது 500 கிலோ, ஒப்பிய கழிவு 5 விழுக்காடு, திரும்பியது 470 கிலோ. 475 கிலோ வந்திருக்க வேண்டும், ஆகவே பிடித்தம் 5 கிலோவுக்கு என்று நிரலர் சொல்வார். எல்லையைத் தாண்டிய பிறகு சலுகை ஏது, குறைந்த 30 கிலோவுக்கும் பிடிக்க வேண்டும் என்று கணக்கர் சொல்லக்கூடும். ஒரே சலானில் போன துணி இரண்டு தவணையாகத் திரும்பினால், முதல் தவணையிலேயே கழிவைக் கணக்கிடுவதா, கடைசித் தவணை வரும்வரை பொறுப்பதா? சாயக்கூலி அனுப்பிய எடைக்கா, திரும்பிய எடைக்கா? ஒரு வரி நிரல்கூட எழுதும் முன்பே இந்தக் கேள்விகளையெல்லாம் எழுப்பி, நிறுவனத்தாரும் நிரலரும் சோதிப்பவரும் ஒன்றாக உட்கார்ந்து விடை எழுதிய அட்டவணைதான் இங்கே தேவையாக நிற்கிறது; பின்னர் அதே அட்டவணையை மென்பொருளின் மீது ஓட்டினால் அது ஏற்புச் சோதனை (அக்செப்டன்ஸ் டெஸ்ட்) ஆகிவிடுகிறது. நிரலர் வார்டு கன்னிங்காம் 2002இல் உருவாக்கிய 'ஃபிட்' கருவி இதைத்தான் செய்தது: எதிர்பார்த்த விடை வந்த கட்டம் பச்சையாகும், வராதது சிவப்பாகும். மென்பொருள் ஆலோசகர் கோய்க்கோ ஆஜிச் 2011இல் வெளியிட்ட நூலின் தலைப்பாக அமைந்ததால் 'ஸ்பெசிஃபிகேஷன் பை எக்ஸாம்பிள்' என்னும் பெயர் பரவலாயிற்று.

ஆகவே இங்கே எடுத்துக்காட்டு விதியை விளக்க வரவில்லை, விதியைத் தீர்மானிக்க வருகிறது. 'உதாரண விவரக்குறிப்பு' என்றால், விவரக்குறிப்பு எப்படி இருக்கும் என்று காட்டுவதற்கான ஒரு மாதிரி ஆவணம் என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். 'வழி' என்னும் சொல் இல்லாமல் பொருள் கைக்கு வராது.

'மாதிரி' என்ற சொல்லின் மீது எனக்கும் ஆசை உண்டு. வாங்குபவர் ஒப்புதல் அளித்த சேம்பிளை வைத்துக்கொண்டு தைத்து, கடைசியில் அதே சேம்பிளோடு ஒப்பிட்டுச் சரக்கைத் தேர்வு செய்யும் ஊர்க்காரர்களுக்கு இந்த முறையை விளக்கவே வேண்டியதில்லை. ஆனால் மாடல், சேம்பிள் ஆகிய இரண்டுக்கும் நாம் ஏற்கெனவே 'மாதிரி' என்றே எழுதிவருகிறோம். புரோட்டோடைப்புக்கு 'முன்மாதிரி' வேறு இருக்கிறது. மூன்றாவது சுமையை அந்தச் சொல் தாங்காது.

'விவரக்குறிப்பு' என்பது கைப்பேசிப் பெட்டியின் மேல் அச்சிட்ட பட்டியலையே நினைவூட்டுகிறது. இங்கே பேசப்படுவது கூடி முடிவெடுக்கும் செயல் என்பதால், 'வரையறுத்தல்' என்று வினையாகவும் விரியக்கூடிய 'வரையறை' பொருத்தமாகப் படுகிறது. 'எடுத்துக்காட்டுவழி வரையறை' என்பதே என் முன்மொழிவு. சற்று நீளம்தான், ஆனாலும் அதைக் 'காட்டுவழி வரையறை' என்று சுருக்க வேண்டாம், திம்பம் மலைப்பாதையைப் பற்றிய வனத்துறை அறிவிப்பு என்று எண்ணிவிடுவார்கள். 'ஏற்புச் சோதனை' நன்றாகவே நிலைத்துவிட்டதால் அதைத் தொட வேண்டியதில்லை.

இதோடு சேர்த்துப் பேச வேண்டியது, இத்தகைய எடுத்துக்காட்டுகளைச் சோதனையாக ஓட்டும் குக்கும்பர் கருவிக்காக அவற்றை எழுதும் கெர்கின் மொழியில் உள்ள தமிழ்ச் சொற்கள். 'அம்சம்', 'பின்னணி', 'காட்சி' ஆகியவை குறையில்லாதவை. கிவன், வென், தென் ஆகியவற்றுக்கு உள்ள 'கொடுக்கப்பட்ட', 'எப்போது', 'அப்பொழுது' என்னும் மூன்றும்தான் இடறுகின்றன. 'எப்போது 470 கிலோ திரும்புகிறது' என்று எழுதினால் அது கேள்வியாகிவிடுகிறது. 'கொடுக்கப்பட்ட' என்பது தழுவப் பெயரில்லாத எச்சமாக அந்தரத்தில் நிற்கிறது. தமிழில் 'திரும்பும்போது' என்று நிபந்தனை வினையின் இறுதியில் ஒட்டும். கெர்கினோ வரியின் தொடக்கத்திலேயே சொல்லைக் கேட்கிறது. எனவே வினை வடிவங்களை விட்டுப் பெயர்ச்சொற்களை வைக்கலாம்:

நிலை 500 கிலோ துணி பட்டறைக்கு அனுப்பப்பட்டுள்ளது
நிகழ்வு 470 கிலோ திரும்புகிறது
விளைவு 5 கிலோவுக்குப் பிடித்தம் ஆகிறது

கணக்கரிடம் இதை அப்படியே படிக்கக் கொடுக்கலாம். ஒரே குறிச்சொல்லுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்களைக் கெர்கின் ஏற்பதால், பழைய சொற்களை நீக்காமல் இவற்றைக் கூடுதலாகச் சேர்க்க இயலும்; முன்பு எழுதிய கோப்புகளும் பழுதாகா. 'நிலை' என்பது ஸ்டேட்டஸுக்கும் புழங்குவதால் குழப்பம் வருமா என்று ஐயாவும் மற்றவர்களும் கருத்துச் சொன்னால், குக்கும்பர் திட்டத்துக்கு விண்ணப்பம் எழுதும் பொறுப்பை நான் ஏற்கிறேன்.

அன்புடன்,
கோவையிலிருந்து