வண்ணம் உரிந்த ஜிக்கைத்தான் மீன் அடித்தது: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

ஈயக்குண்டு:
ஒரு கேள்வி என்னை விடுவதாக இல்லை, அதனால் எழுதுகிறேன். நானே ஈயத்தில் வார்த்த ஜிக், அதாவது கொக்கியோடு சேர்ந்த கனமான போலி இரை. வெள்ளை அடிப்பூச்சு, மேலே ஏர்பிரஷ்ஷில் நீலம், வலைத்துணியைச் சுற்றி ஊதிய செதில், ஒட்டுக்கண், எல்லாவற்றுக்கும் மேல் எபாக்ஸி என்ற, இறுகிக் கண்ணாடிபோல் ஆகும் பூச்சு. பாறையில் ஒருமுறை உரசியது. இழுத்துப் பார்த்தால் தலைப்பக்கம் பூச்சு கிளம்பி நின்றது. நகத்தால்தான் தொட்டேன், கண், செதில், நீலம் எல்லாம் பாம்புச்சட்டை போல ஒன்றாகக் கழன்று கையில் வந்துவிட்டது. அடியில் மங்கிய வெறும் ஈயம். வேறு ஜிக் மாட்டப் பொறுமையில்லை, அதையே திரும்ப எறிந்தேன். இறங்கும்போதே அடித்தது, அன்று கிடைத்ததிலேயே பெரிய மீன்.

அப்படியானால் நான் இரவெல்லாம் உட்கார்ந்து பூசிய நீலம் எதற்கு?

முள்வாங்கி:
மீன் ஏன் அடித்தது என்பதை மற்றவர்கள் சொல்லட்டும். பூச்சு ஒரே துண்டாக உரிந்தால் எபாக்ஸியைக் குறைசொல்ல வேண்டாம். அடிப்பூச்சே ஈயத்தைப் பிடிக்கவில்லை. ஈயம் அச்சில் ஒட்டாமலிருக்க மெழுகுவத்திப் புகை காட்டுகிறோம், அந்தக் கரி வார்ப்பின்மேல் படிகிறது. அதோடு கைப்பிசுக்கு. வார்த்து நாளாகிவிட்டால் சாம்பல் நிற ஆக்சைடு வேறு.

வார்ப்பின் பிசிரைக் கத்தியால் சீவுங்கள். பிறகு உப்புத்தாளை நனைத்துத் தேயுங்கள். நனைக்காமல் தேய்க்கவே கூடாது, ஈயத்தூள் மூச்சில் போகும். கையுறை கட்டாயம், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். அடுத்து அசிட்டோனால் துடைத்துவிட்டால் அதன்பின் வெறும் விரல் படக்கூடாது. கொக்கியைப் பிடித்தே தூக்குங்கள். உலோகத்தை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் எட்ச் பிரைமரை மெல்லியதாக அடியுங்கள், நன்றாகக் காயவிடுங்கள். எபாக்ஸியின் இரண்டு பாகங்களையும் கண்ணளவில் கலக்காதீர்கள். விகிதம் தவறினால் பிசுபிசுப்பு எத்தனை நாளானாலும் போகாது. இறுகும்வரை ஜிக் சுழலும் சக்கரத்தில் இருக்கட்டும். தொங்கவிட்டால் கீழ்முனையில் சொட்டாகத் திரண்டு எடை மாறிவிடும், நீந்தும் விதமும் மாறும்.

என் அனுபவம் சின்னது. மென்பிளாஸ்டிக் வாலை மாட்டியபடியே ஜிக் தலைகளைப் பெட்டியில் வைத்திருந்தேன். திறந்தபோது வால் பட்ட இடமெல்லாம் சிவப்பு வண்ணம் கோந்தாக இழுபட்டது. வாலை மிருதுவாக வைத்திருக்கும் எண்ணெய் பல வண்ணங்களைக் கரைத்துவிடும்.

வார்ப்பட்டறை:
முள்வாங்கி சொல்லும் வேலையில் பாதி பவுடர் கோட்டிங்கில் கிடையாது. சுத்தமான ஜிக்கைச் சூடாக்கிப் பவுடரில் தோய்த்து எடுத்து, நரம்பு கட்டும் வளையத்தில் அடைத்த பவுடரைச் சூடு ஆறுமுன் குத்தி எடுத்துவிட்டு, சுமார் 175 டிகிரி செல்சியஸில் கால் மணி நேரம் வைத்தால் போதும். கல்லில் மோதினாலும் லேசில் பெயராது. சமையலுக்குப் பயன்படுத்தும் அடுப்பில் மட்டும் வேண்டாம்.

எனக்கு நடந்தது வேறு. ஈயம் நஞ்சு என்பதால் நண்பர் ஒருவர் வேறு கலவையில் ஜிக் வார்த்துக் கொடுத்திருந்தார். லேசாகச் சூடாக்கித் தோய்த்தபோது எந்தக் குறையும் தெரியவில்லை. அடுப்பின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பவுடர் உருகி மினுமினுவென்று ஆனது, அப்படி ஒரு பச்சையை நான் பார்த்ததில்லை. அடுத்த நிமிடம் ஜிக்கின் நுனியில் வெள்ளியாய் ஒரு துளி திரண்டது. பிறகு மொத்தமும் தட்டில் விழுந்தது. கம்பியில் கொக்கி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. வெள்ளீயமும் பிஸ்மத்தும் கலந்த உலோகம் அது. ஈயம் உருக 327 டிகிரி வேண்டும். 42 பங்கு வெள்ளீயமும் 58 பங்கு பிஸ்மத்தும் சேர்ந்தால் 138 டிகிரியிலேயே உருகிவிடும். அன்றிலிருந்து யார் வார்த்துக் கொடுத்தாலும் உலோகம் என்ன என்று கேட்காமல் அடுப்பில் வைப்பதில்லை.

தங்கூசி:
வார்ப்பட்டறை, பவுடர் கோட்டிங்கில் ஈயக்குண்டு ஊதிய செதில் வருமா? ஒற்றை நிறத் தலைக்கு அது சரி. முதுகிலிருந்து வயிற்றுக்கு நிறம் மெல்ல மாறவேண்டுமென்றால் ஏர்பிரஷ்தான். இரண்டையும் ஒரே தட்டில் நிறுக்காதீர்கள்.

வண்ணம் எதற்கு என்ற கேள்விக்கு வருகிறேன். ஆழமான இடம், படகில் நானும் மாமாவும். ஒரே அச்சில் வார்த்த, ஒரே எடையுள்ள ஜிக். அவருடையது சிவப்பு, என்னுடையது ஒளிரும் பச்சை. எனக்கு மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. மாமா பேசாமல் கையை நீட்டி என் பெட்டியிலிருந்து ஒரு பச்சையை எடுத்துக் கட்டினார். உடனே அவருக்கும் அடித்தது. தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு ஒளியைத்தான். ஆழத்தில் சிவப்பு ஜிக் வெறும் கறுப்பு. ஒளிரும் வண்ணமோ கீழே எஞ்சும் நீல ஒளியை வாங்கிப் பச்சையாகத் திருப்பித் தரும். அதற்கு அடியில் வெள்ளை இருக்கவேண்டும், இல்லாவிட்டால் ஈயத்தின் சாம்பல் நிறம் மேலே தெரிந்து எடுப்பெல்லாம் போய்விடும். ஈயக்குண்டுவின் மீன் ஆழமில்லாத இடத்தில் அடித்திருக்கும். அங்கே உலோகத்தின் மினுக்கே போதும்.

கெளுத்தி:
யாரும் மார்க்கர் பேனாவைச் சொல்லவில்லையே! ஸ்பூன் என்கிற, கரண்டி வடிவப் பித்தளைப் போலி இரையில் என் மகள் மார்க்கரால் புள்ளி புள்ளியாக வைத்து, மீசைகூட வரைந்தாள். மேலே எபாக்ஸி தடவிச் சக்கரத்தில் மாட்டினேன். இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புள்ளிகள் ஊதா நிறப் புகையாகக் கலைந்து ஓடின. அவள் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியவில்லை. இப்போது அவள் வரைந்ததும் அக்ரிலிக் வார்னிஷை மெல்லியதாக ஊதி, காய்ந்த பிறகுதான் எபாக்ஸி.

ஈயக்குண்டு:
தங்கூசி சொன்னது சரி, ஆழமில்லாத இடம்தான், தண்ணீரும் தெளிவு. முள்வாங்கி, நானும் அச்சுக்குப் புகை காட்டுகிறவன்தான். அடுத்த வார்ப்பில் பாதிக்கு நீலம் பூசிவிட்டு, மீதியை ஈயநிறத்திலேயே விட்டு, மாற்றி மாற்றி எறியப்போகிறேன். பிரைமர் இல்லாமல் வெறும் ஈயத்தின்மேல் எபாக்ஸி பிடிக்குமா?

முள்வாங்கி:
பிடிக்கும். தேய்த்துத் துடைத்து, அசிட்டோன் காய்ந்த உடனே பூசிவிடுங்கள். மறுநாளுக்கு வைக்காதீர்கள்.