பிள்ளை கழுத்து ஒரு பக்கமாவே சாயுது, உள்ளே கட்டி தட்டுப்படுது. நாப்பது கழியுறவரை பொறுக்கலாமா?

பெரியபட்டினத்து_உம்மா:

எல்லாருக்கும் ஸலாம், வணக்கம். பிரசவத்துக்கு உம்மா வீட்டுக்கு வந்திருக்கேன். தலைச்சன், ஆம்பளைப் பிள்ளை. வயித்துல தலை மேல இருந்ததால ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்க. பிறந்து இன்னும் ஒரு மாசம் ஆகலை. குளிப்பாட்ட வர்ற அம்மாதான் முதல்ல பார்த்தாங்க, வலப்பக்கக் கழுத்துல புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி. தொட்டா அழுறதில்லை. காய்ச்சலும் இல்லை. ஆனா தலை எந்நேரமும் வலது தோள் பக்கம் சாஞ்சே இருக்கு, முகம் இடப்பக்கம் திரும்பியே கிடக்குது. வலது மார்ல போட்டா நல்லா குடிக்கிறான். இடது மார்ல போட்டா பிடிக்காம தலையை இழுத்துக்கிட்டு கத்துறான்.

உம்மம்மா உரம் விழுந்திருக்குன்னு சொல்றாங்க, உரம் எடுக்கிறவங்களைக் கூப்பிடணுமாம். மாமி கடுகுத் தலையணை தச்சுக் கொடுத்து விட்டிருக்காங்க. பிள்ளையோட வாப்பா துபாய்ல இருக்காங்க, வீடியோவுல பார்த்துட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொல்றாங்க. வீட்ல பெரியவங்க நாப்பது கழியட்டும், அதுக்கு முன்ன பிள்ளையை வெளியில கொண்டு போக வேண்டாம்னு சொல்றாங்க. யாருக்காவது இப்படி இருந்திருக்கா? என்ன பண்ணீங்க?

சாயல்குடி_அப்பத்தா:

பயப்படாதே தாயி. எங்க வீட்ல பேரன் பேத்தி எல்லாத்துக்கும் உரம் விழுந்து எடுத்திருக்கோம். சேலையில படுக்கப் போட்டு ரெண்டு பேர் முனையைப் பிடிச்சு அப்படியும் இப்படியும் உருட்டுவாங்க, மறுநாளே பிள்ளை சிரிக்கும். கட்டின்னு நீ சொல்றதுதான் எனக்குப் புரியலை. அதை மட்டும் டாக்டர்கிட்ட காமிச்சிரு.

தெற்குவாடிக்காரி:

தங்கச்சி, நாப்பது கழியுறவரைக்கும் பொறுக்காதே. மத்தது எல்லாம் அதுக்குப் பிறகு.

நான் பாம்பன் தெற்குவாடி. என் மகளுக்கும் இதேதான், அதுவும் வலப்பக்கம். இப்ப பால்வாடிக்குப் போறா, கூப்பிட்டா ரெண்டு பக்கமும் திரும்பிப் பார்க்குறா. ஆபரேஷன் இல்லை, ஊசி இல்லை, மருந்தும் இல்லை. கைப்பயிற்சியும், வீட்ல அவளைத் தூக்குற, படுக்கப் போடுற முறையும்தான்.

எங்க டாக்டர் என் கையை எடுத்து என் கழுத்திலேயே வெச்சுக் காமிச்சாங்க. காதுக்குப் பின்னால இருக்கிற எலும்புல தொடங்கி, நெஞ்செலும்புக்கும் காறை எலும்புக்கும் ஒரு தசை இறங்கும். அது ஒரு பக்கம் மட்டும் சுருங்கி விறைச்சுட்டா தலை அந்தப் பக்கம் சாயும், முகவாய் எதிர்ப்பக்கம் திரும்பும். நீ எழுதினது அச்சு அசலா அதுதான். வயித்துக்குள்ள இடம் நெருக்கிக் கிடந்த பிள்ளைகளுக்கும், தலைச்சன் பிள்ளைக்கும், தலை மேல இருந்த பிள்ளைக்கும், ஆயுதம் போட்டு எடுத்த பிள்ளைக்கும் கூடுதலா வரும்னு சொன்னாங்க. நீ வயித்துப் பிள்ளைக்காரியா இருக்கும்போது செஞ்ச எதனாலயும் வந்தது இல்லை. யாராவது கிரகணம், அது இதுன்னு சொன்னா காதுல வாங்காதே.

அந்தக் கட்டி தசைக்குள்ளேயே தடிச்ச நார். பிறந்து ரெண்டு மூணு வாரத்துல தட்டுப்படும், பெரும்பாலும் சில மாசத்துல தானா கரைஞ்சிடும். ஆனா கட்டி கரைஞ்சுட்டா தசை நீண்டுடுச்சுன்னு அர்த்தம் இல்லை. எங்க தெருவுல ஒரு வீட்ல கட்டி காணாமப் போச்சேன்னு பயிற்சியை விட்டுட்டாங்க, தலை சாய்வு அப்படியே நின்னுபோச்சு. அதனால கட்டியை வெச்சுக் கணக்குப் போடாதே. முகம் வலப்பக்கம் எவ்வளவு தூரம் திரும்புது, அதைப் பாரு.

அப்பத்தா சொல்ற உரம் எனக்கும் தெரியும். தூக்கினா வீல்னு கத்துற பிள்ளைக்கு அப்படிச் சொல்லுவாங்க, அது ரெண்டொரு நாள்ல விட்டுடும். இது கட்டியோட இருக்கிற கழுத்து. உள்ள எலும்பு சரியா இருக்கான்னு யாரும் இன்னும் பார்க்கலை. அதைச் சேலையில போட்டு உருட்டுறதும் தலையைப் பிடிச்சு வெட்டி இழுக்கிறதும் வேண்டவே வேண்டாம். குளிப்பாட்டுற அம்மாகிட்டயும் எண்ணெய் தடவட்டும், கட்டியை அமுக்கிக் கரைக்க வேண்டாம்னு சொல்லிடு.

பயிற்சியைப் பத்திச் சொல்றேன். இதைப் படிச்சுட்டு நீயா செய்யக் கூடாது. பிசியோதெரபி பண்றவங்க உன் கையைப் பிடிச்சுக் காமிக்கணும், நீ அவங்க முன்னால செஞ்சு காமிக்கணும். எங்களுக்குக் கொடுத்தது ரெண்டு. ஒன்னு, மல்லாக்கப் படுக்க வெச்சு முகவாயை மெல்ல வலது தோள் பக்கம் திருப்புறது. இன்னொன்னு, வலது தோளை அமர்த்திப் பிடிச்சுக்கிட்டு இடது காது இடது தோளைத் தொடுற மாதிரி தலையைச் சாய்க்கிறது. தசை இழுபடுறது கைக்குத் தெரியுற இடத்துல நிறுத்தி, பத்து பதினஞ்சு வினாடியில ஆரம்பிச்சுப் போகப்போக முப்பது வரைக்கும் பிடிக்கச் சொன்னாங்க. தோள் பாயைவிட்டு எழும்பினா பயன் இல்லை, அதனால ஆரம்பத்துல ரெண்டு ஆள் வேணும். எங்களுக்கு அது ஏப்ரல் 15-க்கும் ஜூன் 14-க்கும் நடுவுல வந்துச்சு, விசைப்படகு எல்லாம் கட்டிக் கிடக்கிற தடைக்காலம். அவ அப்பா வீட்ல இருந்தாரு. அவரு தோளைப் பிடிப்பாரு, நான் தலையைத் திருப்புவேன். வலை இழுத்த கை, அதுல பிள்ளைத் தோள் நழுவாது. தடைக்காலம் முடிஞ்சு அவரு கடலுக்குப் போன பிறகு மாமியார் அந்த வேலையை எடுத்துக்கிட்டாங்க. உங்க வீட்ல உம்மா இருக்காங்க, உம்மம்மா இருக்காங்க. உரம் எடுக்கணும்னு துடிக்கிற உம்மம்மாவையே தோளைப் பிடிக்கச் சொல்லு. பெரியவங்களுக்கு ஒரு வேலை கொடுத்தா எதிர்ப்பு தானா அடங்கும்.

நேரம் குறிச்சு உட்கார்ந்தா ஓடாது. ஈரத்துணி மாத்துற ஒவ்வொரு தடவையும் ரெண்டு தரம்னு வெச்சுக்கிட்டோம். பிள்ளை அழுது எதிர்த்துத் தள்ளினா விட்டுடணும், கொஞ்சம் பொறுத்துத் திரும்பச் செய்யலாம். முகம் நீலம் பூத்தாலோ மூச்சு திணறினாலோ அந்த நொடியே கையை எடுத்துடணும்னு கண்டிப்பாச் சொல்லி அனுப்பினாங்க.

ஆனா தங்கச்சி, என் மனசுல பட்டதைச் சொல்றேன்: இழுக்கிறது நாள்ல கொஞ்ச நேரம்தான். மீதி நேரம் பூரா பிள்ளை எந்தப் பக்கம் பார்க்குதுங்கிறதுதான் அந்தக் கழுத்தை நேராக்குது. எங்க வீடு ஒத்தை அறை, வாசல் ஒன்னுதான். அவளைப் படுக்கப் போட்டா வாசல் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் அவளுக்கு வலப்பக்கம் வர்ற மாதிரி பாயைத் திருப்பிப் போட்டோம். இடப்பக்கம் வெறும் சுவர். கிலுக்கை வலப்பக்கம்தான் ஆட்டணும், பேசறவங்க வலப்பக்கம் வந்துதான் பேசணும்னு வீட்ல எல்லாருக்கும் சட்டம். பக்கத்து வீட்டுப் பிள்ளைங்ககூடப் பழகிடுச்சுங்க.

பால் விஷயமும் அப்படித்தான். இடது மார்ல போட்டா அவன் உன் பக்கம் பார்க்க வலது பக்கம் திரும்பணும். அந்தத் திரும்பல்தான் அவனுக்கு முடியலை, அதான் கத்துறான். உன் பால் மேல குறை இல்லை. பசி கடுமையா ஏறுறதுக்கு முன்னயே இடது மார்ல போட்டுப் பழக்கு. முடியலைன்னா அவன் உடம்பையே முழுசா உன் பக்கம் ஒருக்களிச்சுப் போடு, கழுத்துக்கு வேலை குறையும். கொஞ்சம் கொஞ்சமா வரும்.

முழிச்சிருக்கும்போது பக்கத்துலயே இருந்து குப்புறப் போடணும், உன் நெஞ்சு மேலயும் போடலாம். தலையைத் தூக்கத் தூக்க ரெண்டு பக்கத் தசையும் பலப்படும். தூங்கும்போது மட்டும் மல்லாக்கத்தான்.

ராம்நாடு_பிசியோ:

தெற்குவாடி அக்கா நன்றாகச் சொல்லியிருக்கிறார். நான் குழந்தைகளுக்குப் பிசியோதெரபி செய்பவன், சிலவற்றை மட்டும் சேர்க்கிறேன்.

காலம் ஏன் முக்கியம் என்றால்: அமெரிக்க பிசியோதெரபி சங்கத்தின் குழந்தைகள் பிரிவு 2013-ல் வெளியிட்டு 2018-ல் புதுப்பித்த வழிகாட்டியில் இது தெளிவாக இருக்கிறது. ஒரு மாதம் நிறைவதற்குள் பயிற்சி தொடங்கினால் 100-க்கு 98 குழந்தைகளுக்குச் சுமார் ஒன்றரை மாதத்தில் கழுத்து கிட்டத்தட்ட முழுதாகத் திரும்பிவிடுகிறது. ஒரு மாதம் தாண்டித் தொடங்கினால் ஆறு மாதம் வரை இழுக்கிறது. ஆறு மாதம் தாண்டினால் ஒன்பது பத்து மாதம் ஆகலாம், அப்போதும் முழுதாகத் திரும்பாத குழந்தைகள் கூடிவிடுகிறார்கள். அதனால் உங்களுக்கு இந்த வாரம் வேறு, நாற்பதுக்குப் பிந்தைய வாரம் வேறு.

முதலில் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள். தலை சாய்வது எல்லாமே இந்தத் தசையால் வருவதில்லை. கழுத்து எலும்பு பிறவியிலேயே ஒட்டியிருந்தாலும், கண் தசையில் குறை இருந்தாலும், சாப்பிட்டது மேலேறி வரும் தொல்லை இருந்தாலும் பிள்ளை கழுத்தைச் சாய்க்கும். அப்படிப்பட்ட கழுத்தை இழுப்பது தவறான வைத்தியம். கட்டி தசைக்குள்தான் இருக்கிறதா என்பதை அல்ட்ராசவுண்டு ஸ்கேன் காட்டிவிடும், கதிர்வீச்சு கிடையாது. உங்கள் மகன் தலை மேலிருந்த பிள்ளை என்பதால் இடுப்பு மூட்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இந்தக் கழுத்துள்ள குழந்தைகளில் சிலருக்கு இடுப்பு மூட்டும் சரியாகப் பொருந்தாமல் இருக்கும்.

முகம் இடப்பக்கமே கிடந்தால் இடப்பக்கப் பின்மண்டை தட்டையாகும். பாயைத் திருப்பிப் போடுவது அதற்கும் சேர்த்துத்தான். சாய்வு இடப்பக்கம் உள்ள பிள்ளையின் பெற்றோர் இதைப் படித்தால், மேலே சொன்ன பக்கங்கள் எல்லாம் அப்படியே மாறும் என்பதைக் கவனிக்கவும்.

ஆறு மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும், ஒரு வயதை நெருங்கும்போதும் கழுத்து திரும்புவதில் பெரிய குறை நின்றால்தான் ஆபரேஷன் பேச்சே வரும். நன்றாக இருந்த பிள்ளைக்குக் காய்ச்சலோடு திடீரென்று கழுத்து கோணினாலோ, கட்டி வளர்ந்துகொண்டே போனாலோ, கை கால் தளர்ந்தாலோ பயிற்சி வேண்டாம், அன்றே ஆஸ்பத்திரி.

பெரியபட்டினத்து_உம்மா:

அக்கா, நீங்க எழுதினதை உம்மாவுக்கும் உம்மம்மாவுக்கும் சத்தமா வாசிச்சுக் காமிச்சேன். 98-ங்கிற கணக்கைக் கேட்டதும் உம்மம்மாவே, வைத்தியத்துக்குப் போறதுக்கு நாப்பது என்ன கணக்குன்னு சொல்லிட்டாங்க. நாளைக்குக் காலையில ராமநாதபுரம் போறோம். ரெண்டு சந்தேகம். தூளியில போடலாமா? அதுல போட்டாத்தான் தூங்குறான். கடுகுத் தலையணையை என்ன பண்றது? மாமி மனசு நோகக் கூடாது.

ராம்நாடு_பிசியோ:

தூங்கும் குழந்தைக்கு எந்தத் தலையணையும் வேண்டாம், மூச்சு அடைக்கும் ஆபத்து உண்டு. கழுத்துச் சாய்வையும் அது சரி செய்யாது. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவில் காட்டிவிட்டு, ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசின் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தின் ஆரம்பநிலை இடையீட்டு மையத்தையும் கேளுங்கள். 2013-ல் தொடங்கிய திட்டம், 18 வயது வரை இலவசம்.

தெற்குவாடிக்காரி:

தூளியில உடம்பு வளைஞ்சு, தலை சாஞ்ச பக்கமே புதைஞ்சுடும். நீ வேலை பார்க்கிற கொஞ்ச நேரத்துக்குன்னு போட்டாலும் தூங்கினதும் எடுத்துப் பாயில மல்லாக்கப் போட்டுடு. ஆட்டித்தான் தூங்குவான்னா மடியில போட்டு ஆட்டு. மாமிகிட்ட டாக்டர் தலையணை வேண்டாம்னு சொல்லிட்டாங்கன்னு சொல்லு, அவங்களும் பேரனுக்காகத்தானே தச்சாங்க, புரிஞ்சுக்குவாங்க.

போகும்போது பிரசவச் சீட்டை மறக்காம எடுத்துக்க, தலை மேல இருந்ததை அதுல எழுதியிருப்பாங்க. பிள்ளைக்குப் பால் கொடுத்துட்டு உள்ள போ, பசிச்ச பிள்ளை கழுத்தைத் தொட விடாது. பயிற்சியை அவங்க காமிக்கும்போது உம்மாவைப் போன்ல வீடியோ எடுக்கச் சொல்லு, துபாய்க்கும் அனுப்பலாம். இன்னைக்கே அவனை மல்லாக்கப் போட்டு நேர் மேல இருந்து ஒரு போட்டோ எடுத்து வை. மாசாமாசம் அதே மாதிரி எடுத்துக் காமிச்சா சாய்வு எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு டாக்டருக்குச் சட்டுனு தெரியும்.