நாகைக் கடற்கரைப் பேச்சு தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். மன்னார்குடிப் பக்கம் வயலும் வாய்க்காலுமாக வளர்ந்தவன் நான். நாகப்பட்டினம் மீனவ ஊர் ஒன்றில் நடக்கும் காதலை நகைச்சுவை நாவலாக எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் விசைப்படகுகள் கரையில்தான். நாயகன் வலை சரிபார்க்கிற சாக்கில் நாயகி வீட்டு வாசலிலேயே கிடக்கிறான். அதுவரை சரி, பேச்சுதான் உதைக்கிறது. அவள் அம்மா அவனை எப்படித் திட்டுவார்? வாடை, கொண்டல் தவிர வேறு என்ன காற்றுப் பெயர்கள் புழங்குகின்றன?

போன வாரம் துறைமுகத்தில் ஒரு பாட்டி, கூடை மத்தி மேல் ஐஸை அள்ளிப் போட்டபடியே பேரனை ஏதோ சொன்னார். சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பாதி புரியவில்லை. அந்தச் சிரிப்பு நாவலில் வர வேண்டும், ஆனால் அந்த மக்களைக் கேலி செய்வதாக ஆகிவிடக் கூடாது. அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் நண்பர்கள் யாராவது ஒரு அத்தியாயம் படித்துத் திருத்தித் தருவீர்களா?