கீஸ்டோன் ஸ்பீசிஸ்: தமிழில் என்ன சொல்வது? வியாழன் மாலைக்குள் வேண்டும்

திங்கள் இரவு, தாராவி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தமிழ்வழிப் பள்ளியின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சனிக்கிழமை அறிவியல் கண்காட்சியில் கடல் நீர்நாய் பற்றிப் பதாகை வைக்கிறார்கள். ஃப்ளெக்ஸ் கடைக்காரர் வியாழன் மாலைக்குள் எழுத்தைக் கேட்கிறார்.

விஷயம் இதுதான். வட பசிபிக் கரையோரம் கெல்ப் என்னும் பாசி, கடலுக்கடியில் காடாக வளர்கிறது. உடலெங்கும் முள் உள்ள சிறு கடலுயிரான கடல் முள்ளெலிகள் (சீ அர்ச்சின்) அதன் அடியைக் கொறித்துத் தின்கின்றன. நீர்நாய் முள்ளெலியைப் பிடித்து, மார்பில் கல்லை வைத்து மோதி உடைத்துத் தின்கிறது. நீர்நாய் போனால் முள்ளெலி பெருகும், காடு அழியும், அதற்குள் வாழும் மீன்களும் போகும். 1974இல் ஆய்வாளர்கள் ஜேம்ஸ் எஸ்டெஸும் ஜான் பால்மிசானோவும் அலாஸ்காவின் அலூசியன் தீவுகளை வைத்து இதைக் காட்டினார்கள். நீர்நாய் இருந்த அம்சிட்காவைச் சுற்றிப் பாசிக் காடு. இல்லாத ஷெம்யாவைச் சுற்றி முள்ளெலி நிறைந்த மொட்டைத் தரை.

இப்படிப்பட்ட உயிரைத்தான் கீஸ்டோன் ஸ்பீசிஸ் என்கிறார்கள். நான் 'ஆதார உயிரினம்' என்று எழுதி வைத்தேன். ஒரு பையன் எழுந்து, "டீச்சர், பாசிதானே எல்லாத்துக்கும் ஆதாரம்? நீர்நாய் எப்படி ஆதாரமாகும்?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. உதவுங்கள்.

செவ்வாய் காலை, செம்பூர்

டீச்சர், அந்தப் பையன் சொன்னதுதான் சரி. பாசி போல இடத்தையே அமைத்துக் கொடுக்கும் உயிருக்குத் தனிப் பெயர் உண்டு. சூழலியலாளர் பால் டேட்டன் 1972இல் அதை அடித்தள இனம் என்ற பொருளில் பெயரிட்டார். 'ஆதாரம்' அதற்குப் போகட்டும்.

கீஸ்டோன் என்பது வேறு. இன்னொரு சூழலியலாளர் ராபர்ட் பெயின் 1963இல் தொடங்கி, வாஷிங்டன் மாநிலக் கடலோரப் பாறைகளிலிருந்து ஒரு வகை நட்சத்திர மீனை மட்டும் பிய்த்து எறிந்துகொண்டே இருந்தார். அது தின்றுவந்த சிப்பிகள் பாறையைப் பிடித்துக்கொண்டன; 15 இனங்கள் இருந்த இடத்தில் 8 மிஞ்சின. இந்தப் பெயரை அவர் 1969இல் வைத்தார். நான் நாற்பது வருடம் கட்டடப் பொறியாளர், அதனால் சொல்கிறேன். வளைவின் இருபுறமும் ஆப்பு வடிவக் கற்கள் ஏறி வரும். உச்சியில் கடைசிக் கல்லைச் செருகிய பிறகுதான் கீழே கொடுத்த முட்டுக்கால்களைப் பிரிக்க முடியும். கல்லால் கட்டிய பழைய வட்ட வளைவு ஒன்றை அண்ணாந்து பாருங்கள். அந்தக் கல்தான் இது. என் பரிந்துரை 'முடிகல் இனம்'.

செவ்வாய் மாலை, மாட்டுங்கா

பொறியாளர் ஐயாவின் விளக்கம் தெளிவு. ஆனால் முடிகல் என்றால் பிள்ளைகள் முடிந்துபோன கல் என்று கொள்வார்கள். நடுக்கல் என்றால் காதில் நடுகல்லாக விழும். அது போரில் மாண்டவனுக்கு நடுவது. மூலைக்கல்லும் ஆகாது. 'மூலைக்குத் தலைக்கல்' என்று விவிலியத் தமிழில் பதிந்துவிட்ட சொல் அது, இடமும் வேறு.

கல்லை விட்டுவிடுவோமே. குறள் 667ஐப் பாருங்கள்: 'உருவுகண்டு எள்ளாமை வேண்டும் உருள்பெருந்தேர்க்கு அச்சாணி அன்னார் உடைத்து.' தேர் பெரிது, ஆணி சிறிது, ஆணி கழன்றால் சக்கரம் கழலும். தொகையில் குறைவாக இருந்தும் தொகைக்கு மீறிய விளைவு உண்டாக்கும் உயிர் என்பதுதானே இதன் இலக்கணம்? வளைவில் முடிகல்லும் மற்றக் கற்களும் ஏறத்தாழ ஒரே அளவு. ஆங்கில உவமையில் இல்லாத நுட்பம் நம் உவமையில் இருக்கிறது. ஆகவே 'அச்சாணிச் சிற்றினம்'. ஸ்பீசிஸுக்குச் சிற்றினம் என்பது பாடநூல் வழக்கு. நடுவில் ஒற்று மிகும்.

செவ்வாய் இரவு, முலுண்டு

மதிப்புக்குரிய ஐயா, மொழிபெயர்ப்பாளராக என் மறுப்பு. பெயின் கட்டடத்தைப் பார்த்தார், வண்டியைப் பார்க்கவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் வளைவின் கல்லையே வைத்திருக்கிறார்கள். உவமையை நாம் மாற்றினால் நாளைக்கு ஆங்கிலத்தில் படிக்கப் போகும் பிள்ளை இரண்டும் ஒன்றென்று எப்படி அறியும்?

இன்னொன்று. தூய தமிழ் வேண்டும் என்பவர் நீங்கள். அச்சு வடமொழி அட்சத்திலிருந்து வந்தது என்று சொல்பவர்கள் இருக்கிறார்களே?

புதன் காலை, மாட்டுங்கா

அம்மா, ஜெர்மானியர்கள் கல்லைக் கைவிட்டுச் சாவியை மட்டும் வைத்துக்கொண்டு 'திறவுகோல் இனம்' என்ற பொருளில் சொல்கிறார்கள். அவர்கள் உயிரியலுக்கு ஒன்றும் குறையவில்லை.

அச்சு எங்கிருந்து வந்தாலும் இரண்டாயிரம் ஆண்டாக நம் வீட்டில் இருக்கிறது. புறநானூறு 102இல் ஔவையார் உமணர் வண்டியைச் சொல்கிறார். மேடு பள்ளத்தில் அச்சு முறிந்தால் என்ன செய்வது என்று 'கீழ்மரத்து யாத்த சேம அச்சு'. உப்பு வண்டிக்கு அடியில் கட்டிவைத்த மாற்று அச்சு. இதை எழுதும்போதே ஒன்று தோன்றுகிறது. கடலில் நீர்நாய்க்குச் சேம அச்சு உண்டா? பொறியாளர் ஐயாவுக்குத் தெரியுமா?

புதன் மதியம், செம்பூர்

உண்டு ஐயா, நல்ல கேள்வி. வட கலிபோர்னியாவில் நீர்நாய் தோல் வேட்டையில் அழிந்து இன்றுவரை திரும்பவில்லை. 1911 ஒப்பந்தத்தால் வேட்டை நின்றபோது உலகம் முழுவதுமே 1000 முதல் 2000 வரைதான் மிஞ்சியிருந்தன. ஆனாலும் அங்கே காடு நின்றது. சூரியகாந்தி நட்சத்திர மீன் என்ற பெரிய வகை முள்ளெலிகளைத் தின்றுகொண்டிருந்தது. 2013இல் நட்சத்திர மீன்களுக்கு உடல் கரைந்து சாகும் நோய் வந்து அது மடிந்தது, பின்னாலேயே கடல் சூடேறியது, முள்ளெலி பெருகியது. அந்தக் கரையின் காட்டில் 90 விழுக்காட்டுக்கு மேல் போய்விட்டது. சேம அச்சும் முறிந்த வண்டி அது. இந்தச் சொல்லை நான் எடுத்துக்கொள்கிறேன். அச்சாணியை இன்னும் ஏற்கவில்லை.

புதன் மாலை, வடாலா

டீச்சர், நான் ராமேசுவரம் பக்கம். அம்மா பாம்பனில் பாசி எடுக்கப் போனவர். விரலுக்குத் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி முங்குவார். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி என்று பார்த்துப் பிடுங்குவார். எல்லாம் கைப்பிடிக்குள் அடங்குகிறவை. உங்கள் பிள்ளைகள் பாதிப்பேர் தெற்கத்திப் பிள்ளைகள்தானே? அவர்களிடம் 'பாசிக் காடு' என்றால் கெல்ப் பத்து மாடி உயரத்துக்கும் மேலே போகும் என்பது மனதில் ஏறாது. கெல்ப் என்றே எழுதுங்கள்.

புதன் இரவு, மாட்டுங்கா

தம்பி, பாசி என்பது பசுமையோடு சேர்ந்த சொல். பாசிப்பயறு, பாசிமணி எல்லாம் அந்த வழிதான். கெல்ப்போ பழுப்பு நிறம். அந்த வகையில் உங்கள் தயக்கம் நியாயம். ஆனால் 'பெரும்பாசி' என்று கேட்டால் ஒரு பிள்ளைக்கு உயரம் விளங்காதா? நீர்நாயைக் குறுந்தொகை 364 'வரிப்புற நீர்நாய்' என்கிறது, அது வாளை மீன் தேடும் ஆற்று நீர்நாய். கடலில் வாழ்வதைக் 'கடல் நீர்நாய்' என்றால் நீர் இருமுறை வருகிறது என்று சிலர் சொல்வார்கள். அதற்காகக் கடல்நாய் என்று சுருக்க முடியாது, அது சீல் ஆகிவிடும்.

புதன் இரவு, வடாலா

ஐயா, எங்கள் பக்கத்து வீட்டு மராத்திக்காரர்கள் நீர்நாயைப் பாண்மாஞ்சர், தண்ணீர்ப் பூனை என்கிறார்கள். நாம் நாயைப் பார்த்தோம், அவர்கள் பூனையைப் பார்த்தார்கள். மீசையைப் பார்த்தால் அவர்கள் சொல்வதும் சரிதான்.

வியாழன் காலை, முலுண்டு

நேரம் ஆகிவிட்டது. சிற்றினம் வேண்டாம், 'சின்ன இனம்' என்று படிப்பார்கள். 'அச்சாணி இனம்' என்றால் நான் ஒத்துக்கொள்கிறேன். என் மறுப்பு நிற்கிறது, ஆனால் பிள்ளைகள் முக்கியம்.

வியாழன் மாலை, தாராவி

எல்லோருக்கும் நன்றி. இன்று மூன்றாம் பாடவேளையில் மூன்று சொல்லையும் பலகையில் எழுதினேன். முடிகல் என்றதும் யாரும் பேசவில்லை. அச்சாணி என்றதும், அன்று கேட்ட அதே பையன், ஊரில் தாத்தாவின் மாட்டுவண்டியில் ஆணி விழுந்து சக்கரம் வாய்க்காலுக்குள் உருண்டு போன கதையைச் சொன்னான். வகுப்பே கேட்டது. "அப்போ வண்டி பாசி, ஆணி நீர்நாய்" என்று அவனே முடித்தான். 'அச்சாணி இனம்' என்றும் 'கெல்ப் காடு' என்றும் ஃப்ளெக்ஸுக்குக் கொடுத்துவிட்டேன். சிற்றினம் சேர்க்காததற்கு மாட்டுங்கா ஐயா மன்னிக்கவும்.

வியாழன் இரவு, மாட்டுங்கா

மன்னிக்க ஒன்றுமில்லை அம்மா. ஆனால் இனம் பொதுச்சொல், சிற்றினம் கலைச்சொல். பாடநூலில் ஏற்றும்போது இதை மறுபடி பேச வேண்டும்.

வியாழன் இரவு, செம்பூர்

டீச்சர், முடிகல்லை நான் திரும்பப் பெறவில்லை. அச்சாணி வண்டியைக் காக்கிறது, வண்டி அச்சாணியைக் காப்பதில்லை. வளைவில் மற்றக் கற்கள் நெருக்கித்தான் முடிகல் நிற்கிறது. கடலிலும் அப்படித்தான், நீர்நாய் கெல்ப்பைச் சுற்றிக்கொண்டுதான் தூங்குகிறது. தெர்மோகோலில் ஒன்பது ஆப்புக் கற்கள் வெட்டி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை ஒன்பது மணிக்குக் கொண்டு வருகிறேன், பிள்ளைகளே அடுக்கி, உச்சிக் கல்லை உருவிப் பார்க்கட்டும். ஒரு மேசை மட்டும் ஒதுக்கி வையுங்கள்.