790 டாலருக்கு ஒரு தலைப்பாகை: சீக்கியர்களின் கோபம் நியாயமா?

வழிப்போக்கன்:
2018 பிப்ரவரியில் மிலான் ஃபேஷன் வாரத்தில் குச்சி (Gucci) என்ற இத்தாலிய ஆடம்பர ஆடை நிறுவனம், சீக்கியத் தலைப்பாகையை உரித்துவைத்தாற்போன்ற ஒன்றை வெள்ளைக்கார மாடல்களுக்கு அணிவித்து மேடையேற்றியது. அடுத்த ஆண்டு மே மாதம் அது ‘இண்டி ஃபுல் டர்பன்’ என்ற பெயரில் அமெரிக்காவின் நார்ட்ஸ்ட்ராம் என்ற கடையின் இணையதளத்தில் 790 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. அன்றைய மதிப்பில் சுமார் 55,000 ரூபாய். சீக் கோயலிஷன் என்ற அமெரிக்க அமைப்பு எதிர்ப்புத் தெரிவித்ததும், நார்ட்ஸ்ட்ராம் பொருளை நீக்கி மன்னிப்பும் கேட்டது.

எனக்கு இதில் உடன்பாடில்லை. தலைப்பாகை யாருடைய தனிச்சொத்து? ராஜஸ்தானில் விவசாயி கட்டுகிறார், வட இந்தியத் திருமணங்களில் மாப்பிள்ளை கட்டுகிறார், ஆப்பிரிக்காவில் கட்டுகிறார்கள். அமிர்தசரஸில் பொற்கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் இரும்புக் காப்பு, கிர்பான் என்ற குறுவாள், சீக்கிய மதச் சின்னமான கண்டா போட்ட பனியன் எல்லாமே விற்பனைக்குத்தான் இருக்கின்றன. தாங்கள் விற்றால் பக்தி, இத்தாலிக்காரன் விற்றால் அவமதிப்பா?

தேன்மொழி:
அமிர்தசரஸ் கடைக்காரர் காப்பைக் காப்பாகத்தான் விற்கிறார். வாங்குபவர் அணிவதும் அதே காரணத்துக்காகத்தான். பூஜைக் கடையில் விபூதி விற்பதை யார் குறை சொன்னார்கள்? விற்பனைதான் சிக்கல் என்று நீங்களே முடிவுகட்டிக்கொண்டு வாதாடுகிறீர்கள்.

2013-இல் நடந்ததைப் பாருங்கள். கேப் என்ற அமெரிக்கத் துணி நிறுவனம் வாரிஸ் அலுவாலியா என்ற சீக்கிய நடிகரைத் தலைப்பாகையுடனும் தாடியுடனும் விளம்பரத்தில் போட்டது. நியூயார்க்கில் ஒட்டப்பட்ட சுவரொட்டி ஒன்றில் எவனோ இனவெறி வசைகளைக் கிறுக்கினான். நிறுவனம் பின்வாங்கவில்லை, அதே படத்தைத் தன் ட்விட்டர் பக்கத்தின் முகப்பில் வைத்தது. அதுவும் வணிக விளம்பரம்தான். சீக்கியர்கள் அந்த நிறுவனத்துக்கு நன்றி சொன்னார்கள்.

வழிப்போக்கன்:
சீக்கியர் அணிந்தால் சரி, மற்றவர் அணிந்தால் தவறு என்பதுதானே இதன் பொருள்? பிறப்பைப் பார்த்து உடை என்பது நமக்குத் தெரியாத கதையா?

இரவுப்பணி:
இல்லை ஐயா. குருத்வாராவுக்கு யார் போனாலும் தலையை மூடச் சொல்கிறார்கள். துணி இல்லையென்றால் அவர்களே தருகிறார்கள். பிறப்பு எங்கே வந்தது இதில்?

தஸ்தார், அதாவது சீக்கியத் தலைப்பாகை, வெறும் துணியன்று. 1699-இல் பஞ்சாபின் ஆனந்த்பூரில் குரு கோபிந்த் சிங், தீட்சை பெற்ற சீக்கியர்களின் சமூகமான கால்சாவை நிறுவிய நாளிலிருந்து வெட்டாத முடியும் அதைக் காக்கும் தஸ்தாரும் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஐந்தாறு மீட்டர் துணியைத் தினமும் காலையில் மடிப்பு மடிப்பாகக் கட்ட வேண்டும். தொப்பி அணிவதைச் சீக்கிய ஒழுக்க நெறி ஏற்பதில்லை. குச்சி செய்தது என்ன? முன்கூட்டியே மடித்துத் தைத்து, மாட்டிக் கழற்றக்கூடிய தொப்பியாக அதை ஆக்கியது! நம்பிக்கை எதை விலக்கியதோ அதையே அதன் வடிவில் செய்து விற்றிருக்கிறார்கள். வடிவமைப்பாளருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தெரிந்துகொள்ள முயலவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு.

இன்னொன்று. அமெரிக்க ராணுவம் 1981 முதல் தலைப்பாகைக்குத் தடை விதித்திருந்தது. சிலருக்கு மட்டும் தனித்தனியாக விலக்குக் கிடைத்தது. விதி பொதுவாகத் தளர்ந்தது 2017 ஜனவரியில்தான். அதற்கு அடுத்த ஆண்டு மிலான் மேடை. 2001 செப்டம்பர் 15 அன்று அரிசோனாவின் மேசா நகரில் தன் பெட்ரோல் நிலையத்தின் வெளியே பல்பீர் சிங் சோதி சுட்டுக் கொல்லப்பட்டார். தலைப்பாகையையும் தாடியையும் பார்த்து அவரை இரட்டைக் கோபுரத் தாக்குதலோடு தொடர்புபடுத்தினான் கொலைகாரன். (அவர் முஸ்லிமாகவே இருந்திருந்தாலும் அது கொலைதான்.) ஒருவனுக்கு உயிருக்கே ஆபத்தாக இருப்பதை இன்னொருவன் ஒரு மாலைப்பொழுது அணிந்து கழற்றி வைத்துவிடலாம் என்றால் எரிச்சல் வராதா?

கல்வெட்டு:
உணர்ச்சியை மதிக்கிறேன். ஆனால் இதன் மறுமுனையைப் பற்றி ஏன் ஒருவரும் பேசவில்லை? புனிதத்துக்கு இழுக்கு என்ற சொல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நாமே பார்த்திருக்கிறோம். 2021 அக்டோபரில் டெல்லி அருகே சிங்கு எல்லையில், விவசாயிகள் போராட்டக் களத்தில் ஒரு தலித் தொழிலாளியைக் கொன்று தடுப்புக் கம்பியில் கட்டினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் பொற்கோயிலுக்குள் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். இரண்டுக்கும் சொன்ன காரணம் அவமதிப்பு. ‘எங்கள் மனம் புண்பட்டது’ என்பதை வாதமாக ஒருமுறை ஏற்றுக்கொண்டால், எங்கே நிறுத்துவீர்கள்?

தேன்மொழி:
ட்விட்டரில் எழுதிக் கேட்டதையும் கூட்டமாகச் சேர்ந்து அடித்துக் கொன்றதையும் ஒரே தட்டில் வைக்கிறீர்களே, கொஞ்சமாவது பொருந்துகிறதா? சீக் கோயலிஷன் யாரையும் மிரட்டவில்லை. சட்டத் தடையும் கேட்கவில்லை. கடை தானாக நீக்கியது. நீங்கள் விரும்பும் நாகரிகமான வழி இதுதான்.

சாயப்பட்டறை:
திருப்பூரில் பிரிண்டிங் தொழிலில் இருக்கிறேன். நீங்கள் எல்லோரும் குச்சியைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்தப் பொருளைச் செய்தது யார் என்றாவது தெரியும். 2018 டிசம்பரில் அமேசானில் பொற்கோயில் படம் போட்ட கால்மிதிகளும் குளியலறை விரிப்புகளும் வந்தனவே, அவற்றுக்கு யாரைப் பிடிப்பது? அமேசான் தளத்தில் விற்பவர் வேறொருவர். படம் இணையத்தில் எங்கோ எடுத்தது. ஆர்டர் வந்த பிறகுதான் அச்சே ஓடும். இன்று புகார் செய்தால் இன்று நீக்குவார்கள், அடுத்த வாரம் வேறு பெயரில் வரும்.

எங்களுக்கு வருவது ஆர்ட்வொர்க் கோப்பு மட்டுமே. ஐரோப்பிய பையர்கள், அதாவது எங்களிடம் சரக்கு வாங்கும் நிறுவனங்கள், தடைசெய்யப்பட்ட அசோ சாயங்கள், ஈயம், நிக்கல் என்று பக்கம் பக்கமாகப் பட்டியல் தருகிறார்கள். ஆய்வகச் சான்று இல்லாமல் ஒரு பெட்டிகூட நகராது. படத்தில் என்ன இருக்கிறது என்று எந்த பையரும் கேட்டதில்லை. பொத்தானில் நிக்கல் இருந்தால் சரக்கு திரும்பி வரும். செருப்பில் கண்டா இருந்தால் போய்விடும்.

கல்வெட்டு:
படங்களுக்கும் பட்டியல் போடுங்கள் என்கிறீர்களா? யார் எழுதுவது அதை? குருத்வாராக்களை நிர்வகிக்கும் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டியா, வாடிகனா? எழுதத் தொடங்கினால் முடியுமா?

இரவுப்பணி:
ஓரளவு ஏற்கெனவே எழுதித்தான் இருக்கிறது. இந்திய வணிகச் சின்னங்கள் சட்டம், 1999, பிரிவு 9: மத உணர்வைப் புண்படுத்தக்கூடிய எதையும் வணிகச் சின்னமாகப் பதிவுசெய்ய முடியாது. 2015-இல் ‘ராமாயண்’ என்ற பெயரை ஊதுபத்திக்குத் தனி உரிமையாகக் கேட்டவருக்கு உச்ச நீதிமன்றம் இடம் கொடுக்கவில்லை. அதனால் ஊதுபத்தித் தொழில் படுத்துவிடவில்லை.

வழிப்போக்கன்:
பெயரைத் தனி உரிமையாக்கக் கூடாது என்ற தீர்ப்பு என் பக்கம்தானே வருகிறது! ராமாயணம் யாருக்கும் தனி உரிமை இல்லை என்றால், தலைப்பாகை மட்டும் எப்படி ஒருவருக்கு உரிமையாகும்?

இரவுப்பணி:
உரிமை கேட்டது யார்? நார்ட்ஸ்ட்ராம் தளத்தில் விலைச்சீட்டு ஒட்டியவர்தான்.

வழிப்போக்கன்:
விலைச்சீட்டு ஒட்டினால் தனி உரிமை கேட்டதாகிவிடுமா? அப்படியானால் அமிர்தசரஸ் கடைவீதி முழுவதும் வழக்குப் போட வேண்டியதுதான்.

தேன்மொழி:
மறுபடி அமிர்தசரஸா! மேலே இரண்டாவது பதிவைப் படியுங்கள். சாயப்பட்டறை சார், உங்களிடம் ஒரு கேள்வி. ஆர்ட்வொர்க்கில் கண்டாவைப் பார்த்தால் பையரிடம் கேட்க உங்களுக்கு வழி இருக்கிறதா, இல்லை ஆர்டர் போய்விடுமா?

சாயப்பட்டறை:
ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரிடம் சொல்லலாம். அவர் பையருக்கு மெயில் அனுப்புவார். பதில் வரும்வரை மெஷின் நிற்கும், ஏற்றுமதித் தேதி நிற்காது. தாமதமானால் விமானச் சரக்குக் கட்டணம் எங்கள் தலையில். அந்தக் கட்டணத்தை பையர் ஏற்கிறேன் என்று எழுதிக் கொடுத்தால், படத்தைப் பார்த்ததும் கேட்க முதல் ஆளாக நான் வருகிறேன்.